ட்ருஷ்பா எண்ணெய்க் குழாய்: மூடுவது யார், திறப்பது யார்?

ஐரோப்பாவின் எண்ணெய்த் தகராறுகளைப் பற்றிய செய்திகளில் 'ரஷ்யா குழாயை மூடிவிட்டது' என்ற வாக்கியம் அடிக்கடி வரும். மாஸ்கோவில் யாரோ ஒருவர் ஒரு திருகைத் திருப்ப, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜெர்மனியில் ஒரு பெட்ரோல் பங்க் அன்றைக்கே வறண்டுபோகிறது என்ற படம்தான் படிப்பவர் மனத்தில் எழுகிறது. நாளிதழ்க் கட்டுரைகளும் தொலைக்காட்சி விவாதங்களும் பெரும்பாலும் இந்தப் படத்தை வைத்துக்கொண்டே பேசுகின்றன. ஆனால் ரஷ்யாவிலிருந்து மத்திய ஐரோப்பாவுக்குச் செல்லும் ட்ருஷ்பா குழாய்ப்பாதையில் எண்ணெய் நின்றுபோன சந்தர்ப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், நிறுத்தியது சில வேளை ரஷ்யா, சில வேளை போலந்து, சில வேளை உக்ரைன் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு முறை ஒரு வங்கிப் பரிவர்த்தனை நிறுத்தியது. இன்னொரு முறை எண்ணெயில் கலந்திருந்த, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதிப்பொருள் நிறுத்தியது.

இத்தனை பேரால் ஒரே குழாயை எப்படி நிறுத்த முடிகிறது என்று புரிய வேண்டுமானால், அரசியலுக்கு முன்னால் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

குழாய் எப்போதும் நிரம்பியே இருக்கிறது

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் நீண்ட ரப்பர் குழாயை எடுத்துக்கொள்வோம். அது காலியாக இருந்தால், திருகைத் திறந்த பிறகு மறுமுனையில் நீர் வரச் சற்று நேரம் பிடிக்கும். முன்பே நிரம்பியிருந்தால் திறந்த நொடியிலேயே நீர் கொட்டும். ஆனால் அப்படிக் கொட்டுவது இப்போது உள்ளே நுழைந்த நீர் அன்று. குழாய்க்குள் ஏற்கெனவே நின்றிருந்த நீர். பின்னால் நுழையும் நீர் முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. எண்ணெய்க் குழாயும் இதே முறையில்தான் இயங்குகிறது, அளவுதான் வேறு.

ட்ருஷ்பாவின் பெரிய குழாய்களின் விட்டம் 1,020 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அத்தகைய குழாயில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய 785 கன மீட்டர் எண்ணெய் அடங்கும். எண்ணெய் வணிகத்தில் பயன்படும் அளவான பீப்பாய் ஏறக்குறைய 159 லிட்டர் என்பதால், ஒரு கிலோமீட்டருக்கு 4,900 பீப்பாய்க்கு மேல் வருகிறது. ஆயிரம் கிலோமீட்டர் குழாயை வெறுமனே நிரப்பி வைக்கவே ஏறக்குறைய 50 லட்சம் பீப்பாய் வேண்டும். இவ்வாறு குழாய்க்குள் நிரந்தரமாகக் கிடக்கும் எண்ணெயைக் குழாய் நிரப்பு என்று சொல்லலாம். ஒரு முறை உள்ளே போனால், குழாய்ப்பாதையையே கைவிடும் வரை அந்த அளவு வெளியே வராது. அதற்கும் ஒரு முதலாளி உண்டு, அதற்கும் விலை உண்டு.

குழாய்க்குள் எண்ணெய் விரைந்து பாய்வதாக நினைப்பதும் பொதுவான ஒரு தவறு. அதன் வேகம் மனிதர் நடக்கும் வேகத்தை ஒட்டியது. நொடிக்கு ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான் நகரும். ஆயிரம் கிலோமீட்டருக்கு எட்டு நாள். இந்தக் கணக்குப்படி, குழாய் தொடங்கும் ரஷ்யப் பகுதியான டாடர்ஸ்தானில் ஏற்றிய எண்ணெய் ஜெர்மன் எல்லையைத் தொட வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஒரு முனையில் மூடியதும் மறுமுனை அன்றைக்கே வறண்டுவிடும் என்பது நடைமுறைக்கு ஒத்துவராத கற்பனை. ஓட்டம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மறுமுனையில் உள்ள ஆலைகளின் தொட்டிகளிலும் நாடுகளின் அவசரகாலக் கையிருப்பிலும் பல நாள்களுக்கு, சில வேளை பல வாரங்களுக்கு, எண்ணெய் இருக்கும்.

தோட்டக் குழாயில் இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். குழாய் நீள நீள மறுமுனையில் நீரின் வேகம் குறைகிறது. குழாயின் உட்சுவரோடு ஏற்படும் உராய்வு அழுத்தத்தைத் தின்றுவிடுகிறது. நீரைவிடக் கெட்டியான கச்சா எண்ணெயில் இந்த இழப்பு இன்னும் அதிகம். குளிர்காலத்தில் மேலும் அதிகம். இழந்த அழுத்தத்தை மீண்டும் கொடுக்கப் பாதை நெடுகப் பம்பிங் நிலையங்கள் வேண்டும். பெரிய மின்மோட்டார்கள் பம்புகளைச் சுழற்ற, அழுத்தம் ஏற்றப்பட்ட எண்ணெய் அடுத்த நிலையம் வரை ஓடும். இவற்றில் ஒன்று நின்றாலும் ஓட்டம் குறையும். சந்திப்பில் உள்ள முக்கிய நிலையம் நின்றால் பாதையே நிற்கும். நிலையத்துக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையம் பழுதானாலும் விளைவு அதுவே.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குழாய் எப்போதும் நிரம்பியிருக்கிறது, எண்ணெய் மெதுவாக நகர்கிறது, அதைத் தள்ளுவதற்கு வழி முழுவதும் பம்பிங் நிலையங்களும் மின்சாரமும் தேவைப்படுகின்றன. நிறுத்தக்கூடிய இடம் தொடக்கத்தில் மட்டும் இல்லை; வழியெங்கும் இருக்கிறது.

உள்ளே போவது கலவை, வெளியே வருவதும் கலவை

நிலத்திலிருந்து எடுத்தபடியே உள்ள, சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்குக் கச்சா எண்ணெய் என்று பெயர். எல்லாக் கச்சா எண்ணெயும் ஒன்றாக இருப்பதில்லை. சில வயல்களின் எண்ணெய் இளகியது, கந்தகம் குறைவு. சில கெட்டியானவை, கந்தகம் மிகுந்தவை. வோல்கா ஆற்றுக்கும் யூரல் மலைக்கும் இடைப்பட்ட பகுதியின் எண்ணெய் இரண்டாம் வகை. மேற்கு சைபீரியாவின் எண்ணெய் அதைவிட இளகியது. இரண்டும் ஒரே குழாய் வலையமைப்பில் கலக்கின்றன. அந்தக் கலவைக்குச் சந்தையில் யூரல்ஸ் என்று பெயர்.

சுத்திகரிப்பு ஆலை என்பது கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பிரித்துப் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், தார் முதலியவற்றை எடுக்கும் இடம். ஒவ்வோர் ஆலையின் கந்தக நீக்கக் கருவியும் சூளையும் குறிப்பிட்ட தன்மையுள்ள எண்ணெயை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. ட்ருஷ்பாவின் மறுமுனைகளில் உள்ள ஆலைகள் பத்தாண்டுக்கணக்கில் யூரல்ஸுக்குப் பழகியவை: போலந்தின் பிவோட்ஸ்க், ஜெர்மனியின் ஷ்வேட், ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா, செக் நாட்டின் லிட்வினோவ், ஹங்கேரியின் சாஸ்ஹலோம்பட்டா. வேறு எண்ணெயை அவற்றால் சுத்திகரிக்க முடியாது என்பதில்லை. ஆனால் கலவையை மாற்றினால் கிடைக்கும் பொருள்களின் விகிதமும் செலவும் மாறும். சில வேளை கருவிகளையும் மாற்ற வேண்டும். 'ரஷ்ய எண்ணெய் வேண்டாம் என்றால் வேறிடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே' என்று எளிதாகக் கேட்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான். இதே தடை மறுபுறமும் உண்டு. கப்பலை வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம், குழாயைத் திருப்ப முடியாது. விற்பவரும் அதற்கே கட்டுப்பட்டவர்.

1958: பிராகில் ஒரு முடிவு

டாடர்ஸ்தானில் உள்ள ரொமாஷ்கினோ எண்ணெய் வயல் 1948இல் கண்டறியப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் மிகப் பெரிய வயல்களுள் அது ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாஸ்கோவின் செல்வாக்கில் இருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகள் கனரகத் தொழில்களைப் பெருக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதிய சொந்த எண்ணெய் இல்லை. சோவியத் எண்ணெய் ரயில் தொட்டி வண்டிகளில்தான் போய்க்கொண்டிருந்தது. தேவை பெருகப் பெருக ரயில் பாதைகளால் தாங்க முடியவில்லை.

சோவியத் ஒன்றியமும் அதன் கூட்டாளி நாடுகளும் சேர்ந்த பொருளாதார அமைப்பு கோமிகான் எனப்பட்டது. 1958 டிசம்பரில் பிராகில் கூடிய கோமிகான் கூட்டம், டாடர்ஸ்தானிலிருந்து மத்திய ஐரோப்பா வரை ஒரு குழாய்ப்பாதை அமைக்க முடிவு செய்தது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் உள்ள பகுதியைக் கட்ட வேண்டும். குழாய்கள் சோவியத் ஒன்றியத்திலும் போலந்திலும் செய்யப்பட்டன. இணைப்புக் கருவிகள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும், பம்புகள் கிழக்கு ஜெர்மனியிலிருந்தும், தானியங்கி மற்றும் தகவல்தொடர்புக் கருவிகள் ஹங்கேரியிலிருந்தும் வந்தன. ட்ருஷ்பா என்றால் ரஷ்ய மொழியில் நட்பு.

கட்டுமானம் 1960இல் தொடங்கியது. தடம் டாடர்ஸ்தானின் அல்மேத்யெவ்ஸ்க் நகரில் தொடங்கிச் சமாரா, பிரியான்ஸ்க் வழியாக பெலாரஸின் மோசிர் வரை ஒன்றாக வந்து, அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை போலந்து வழியாக ஜெர்மனிக்குப் போகிறது. தெற்குக் கிளை உக்ரைன் வழியாக இன்றைய ஸ்லோவாக்கியா, செக் நாடு, ஹங்கேரி ஆகியவற்றுக்குப் போகிறது. 1962இல் முதலில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் ஹங்கேரிக்கும், 1963 நவம்பரில் போலந்துக்கும், டிசம்பரில் கிழக்கு ஜெர்மனிக்கும் எண்ணெய் சேர்ந்தது. 1964 அக்டோபரில் முழுப் பாதையும் இயக்கத்துக்கு வந்தது. தேவை மேலும் பெருகவே, அதன் அருகிலேயே இரண்டாவது குழாய் 1970களின் முற்பாதியில் போடப்பட்டது. முழுத் திறனில் நாளொன்றுக்கு 12 முதல் 14 லட்சம் பீப்பாய் வரை அனுப்பக்கூடிய வலையமைப்பாக அது வளர்ந்தது.

குழாய்க்குக் குழாய் கிடைக்காத காலம்

இந்தக் கட்டுமானத்தின் நடுவில் நடந்த ஒரு தகராறு இன்றைய தடைகளைப் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டியது. பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்களைச் செய்வது அன்று எளிதான வேலை அன்று. சோவியத் ஒன்றியம் அவற்றை மேற்கு ஜெர்மனியிடமிருந்து வாங்கிவந்தது. மன்னெஸ்மன், ஹோஷ், ஃபீனிக்ஸ்-ரைன்ரோர் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1962 அக்டோபரில் 1,63,000 டன் குழாய் விற்க ஒப்பந்தம் செய்தன. அதே மாதம் கியூபா ஏவுகணை நெருக்கடி. சோவியத் எண்ணெய் மேற்கு ஐரோப்பாவில் மலிவாக நுழைகிறது, இந்தக் குழாய் சோவியத் படைகளுக்கும் எரிபொருள் கொண்டுசெல்லும் என்று அமெரிக்கா வாதிட்டது. நவம்பரில் நேட்டோ கூட்டணி, உறுப்பு நாடுகள் பெரிய குழாய்களைச் சோவியத் ஒன்றியத்துக்கு விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் கோன்ராட் அடனாவர் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கே தடை போட்டார். ஜெர்மன் எஃகு நிறுவனங்களும் பல நாடாளுமன்ற உறுப்பினர்களும் கொதித்தார்கள். பிரிட்டன் அந்தத் தடையைக் கடைப்பிடிக்க மறுத்துவிட்டது.

தடையால் பணி தாமதமானது, நிற்கவில்லை. யூரல் பகுதியின் செல்யாபின்ஸ்க் ஆலை 1963இல் 1,020 மில்லிமீட்டர் குழாய்களைத் தானே உற்பத்தி செய்யத் தொடங்கியது. முதல் குழாயில் தொழிலாளர்கள் அடனாவரைக் கேலி செய்து எழுதிய வாசகம் ரஷ்யாவில் இன்றும் பேசப்படுகிறது. 1966இல் தடை விலக்கப்பட்டது. தடை விதித்தவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, அதுவரை இறக்குமதியை நம்பியிருந்த நாடு சொந்தமாகக் குழாய் செய்யக் கற்றுக்கொண்டது என்பதே என் கணிப்பு. ஆனால் இதிலிருந்து எல்லாத் தடையும் வீண் என்று பொதுவிதி வகுப்பது அவசரம். ஓராண்டுத் தாமதமும் ஒரு விளைவுதான்.

மலிவு எண்ணெயின் கட்டு

குழாய் வந்த பின் கோமிகான் நாடுகளின் தொழில்கள் அதைச் சுற்றியே வளர்ந்தன. ஷ்வேட், பிவோட்ஸ்க் ஆலைகள் இந்த எண்ணெயை நம்பி எழுந்தவை. 1973இல் அரபு நாடுகளின் ஏற்றுமதித் தடையால் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது, இந்த நாடுகளுக்கு அந்த அதிர்ச்சி முழுதாகத் தெரியவில்லை. 1976 முதல் கோமிகானுக்குள் எண்ணெய் விலை, முந்தைய ஐந்து ஆண்டுகளின் உலகச் சராசரியை வைத்து ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டது. உலக விலை ஏறிக்கொண்டிருக்கும் வரை இந்தச் சராசரி அதைவிடக் குறைவாகவே இருக்கும். கிழக்கு ஜெர்மனி இந்த மலிவு எண்ணெயைச் சுத்திகரித்து, டீசலாகவும் பிற பொருள்களாகவும் மேற்கு நாடுகளுக்கு விற்று அன்னியச் செலாவணி ஈட்டியது.

கட்டு எவ்வளவு இறுக்கமானது என்பது 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. தன் எண்ணெயை உலகச் சந்தையில் முழு விலைக்கு விற்க வேண்டிய நெருக்கடியில் இருந்த மாஸ்கோ, கூட்டாளிகளுக்கான அளவைக் குறைத்தது. கிழக்கு ஜெர்மனிக்கு ஆண்டுக்கு 190 லட்சம் டன்னாக இருந்தது 170 லட்சம் டன் ஆனது. அந்நாட்டின் தலைவர் எரிக் ஹோனெக்கர் கெஞ்சிக் கேட்டும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் இணங்கவில்லை. உலக விலை சரிந்தபோது அதே ஐந்தாண்டுச் சராசரி எதிர்ப்பக்கம் வேலை செய்து, வாங்குபவர்களைச் சந்தை விலைக்கு மேல் கொடுக்க வைத்தது. இந்தக் கட்டத்தில் 'குழாயை மூடியது' என்று சொல்ல யாரும் இல்லை. அளவும் விலையும் மட்டுமே மாறின. பாதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

1991: ஒரே குழாய், பல முதலாளிகள்

சோவியத் ஒன்றியம் 1991இலும், செக்கோஸ்லோவாக்கியா 1992 முடிவிலும் பிரிந்தன. குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடுகள்தான் அதன் மேல் வந்து விழுந்தன. ரஷ்யா, பெலாரஸ், உக்ரைன், போலந்து, ஜெர்மனி, ஸ்லோவாக்கியா, செக் நாடு, ஹங்கேரி என்று எட்டு நாடுகள் அதில் பங்காளிகள் ஆயின. ரஷ்யப் பகுதி டிரான்ஸ்நெஃப்ட் நிறுவனத்திடமும், உக்ரைன் பகுதி உக்ர்டிரான்ஸ்நாஃப்டாவிடமும், போலந்துப் பகுதி பெர்ன் நிறுவனத்திடமும், ஸ்லோவாக்கியப் பகுதி டிரான்ஸ்பெட்ரோலிடமும், செக் பகுதி மேரோவிடமும், ஹங்கேரிப் பகுதி மோல் நிறுவனத்திடமும் உள்ளன.

குழாயின் முதலாளியும் அதற்குள் ஓடும் எண்ணெயின் முதலாளியும் வேறுவேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிரான்ஸ்நெஃப்ட் எண்ணெய் எடுக்கும் நிறுவனம் இல்லை, கொண்டுசெல்லும் நிறுவனம். எண்ணெய் ரோஸ்நெஃப்ட், லூக்காயில், டாட்நெஃப்ட் போன்றவற்றுக்கு உரியது. தன் நாட்டின் வழியே பிறருடைய எண்ணெய் கடந்துபோவதற்காக ஒரு நாட்டின் குழாய் நிறுவனம் வாங்கும் தொகை கடவுக் கட்டணம். விற்பனை ஒப்பந்தத்தில் எண்ணெய் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குக் கைமாறுகிறது என்று எழுதப்பட்டிருக்கும். அந்த இடம் வரை கடவுக் கட்டணமும் பொறுப்பும் விற்பவருடையவை.

ஆக, எண்ணெய் ஓட வேண்டுமானால் விற்பவர், வாங்குபவர், வழியில் உள்ள ஒவ்வொரு குழாய் நிறுவனம், இவர்களுக்கிடையே பணம் போய்ச்சேரும் வங்கிகள் ஆகிய அனைவரும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். இனி வரும் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் இவர்களுள் ஒருவர் விலகியிருக்கிறார்.

பழுது, வரி, பணம்

ட்ருஷ்பாவின் வடக்குப் பகுதியிலிருந்து லிதுவேனியாவின் மஜேய்கியாய் ஆலைக்கு ஒரு கிளை போயிற்று. 2006இல் அந்த ஆலையை ரஷ்ய நிறுவனங்களுக்குத் தராமல் போலந்தின் ஆர்லென் நிறுவனத்துக்கு விற்க முடிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் பிரியான்ஸ்க் பகுதியில் கசிவு ஏற்பட்டதாகவும் குழாயைப் பழுதுபார்க்க வேண்டும் என்றும் சொல்லி டிரான்ஸ்நெஃப்ட் அந்தக் கிளையை நிறுத்தியது. அந்தப் பழுது பிறகு சரிசெய்யப்படவே இல்லை. லிதுவேனியா புடிங்கே கடல் முனையம் வழியாகக் கப்பலில் எண்ணெய் வாங்கத் தொடங்கியது. 'ரஷ்யா மூடிவிட்டது' என்ற வாக்கியம் சரியாகப் பொருந்தும் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

2007 ஜனவரியில் நடந்தது வேறு. பெலாரஸுக்கு விற்கும் எண்ணெய்மீது ரஷ்யா டன்னுக்கு 180 டாலர் ஏற்றுமதி வரி விதித்தது. பதிலுக்கு பெலாரஸ், தன் நாட்டைக் கடந்துபோகும் ரஷ்ய எண்ணெய்மீது டன்னுக்கு 45 டாலர் வரி போட்டது. அந்த வரிக்கு ஈடாக பெலாரஸ் எண்ணெயை வழியிலேயே எடுத்துக்கொள்கிறது என்று ரஷ்யா குற்றம் சாட்டியது. ஜனவரி 8 முதல் மூன்று நாள் ஓட்டம் நின்றது. சண்டையில் சம்பந்தமே இல்லாத போலந்தும் ஜெர்மனியும் கையிருப்பைத் திறக்க வேண்டியதாயிற்று. பெலாரஸ் தன் வரியைக் கைவிட, ரஷ்யா தன் வரியை 53 டாலராகக் குறைத்தது.

இந்த அனுபவங்களுக்குப் பின் இரு தரப்பும் மாற்றுவழி தேடின. ரஷ்யா பிரியான்ஸ்க் பகுதியின் உனேச்சாவிலிருந்து பால்டிக் கடலோர உஸ்த்-லூகா துறைமுகம் வரை ஒரு புதிய குழாய் போட்டு 2012இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. வாங்கும் நாடுகள் அதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தன: செக் நாடு 1996இலேயே ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட்டிலிருந்து தனக்கொரு குழாயை இழுத்துவைத்திருந்தது.

2019: கண்ணுக்குத் தெரியாத கலப்படம்

அறுபதாண்டுகளில் நேர்ந்த மிகப் பெரிய தொழில்நுட்பச் சிக்கல் அரசியலால் வந்ததில்லை. கிணறுகளைக் கழுவி எண்ணெய் ஊறுவதைக் கூட்டச் சில இடங்களில் கரிமக் குளோரைடு என்னும் குளோரின் கலந்த வேதிப்பொருளைப் பயன்படுத்துவது உண்டு. குழாயில் ஏற்றும் முன் அதை நீக்கிவிட வேண்டும். பத்து லட்சம் பங்கு எண்ணெயில் 10 பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது வரம்பு. 2019 ஏப்ரலில் ட்ருஷ்பாவில் வந்த எண்ணெயில் அந்த அளவு 150 முதல் 330 வரை இருந்தது. சமாரா பகுதியில் அது குழாய்க்குள் நுழைந்தது பின்னர் தெரியவந்தது.

கரிமக் குளோரைடு எண்ணெயில் இருக்கும்போது தெரியாது. சுத்திகரிப்பு ஆலையின் வெப்பத்தில், ஹைட்ரஜனோடு சேரும்போதுதான் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிக் கருவிகளை அரிக்கிறது. மோசிர் ஆலையின் கருவிகள் சேதமடைந்தபோது பெலாரஸ் ஏப்ரல் 19 அன்று முதலில் குரல் எழுப்பியது. அடுத்த சில நாள்களில் போலந்தும் உக்ரைனும் எண்ணெயை வாங்க மறுத்துத் தங்கள் எல்லையில் வால்வுகளை மூடின. இந்த முறை மூடியவர்கள் வாங்குபவர்கள்.

குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும் என்ற பாடம் இங்கே மீண்டும் தேவைப்படுகிறது. தோட்டக் குழாயில் சாயம் கலந்த நீர் ஏறிவிட்டால், திருகை மூடுவதால் அது மறைவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே தள்ளினால்தான் தூய நீர் வரும். ஏறக்குறைய 50 லட்சம் டன் கெட்ட எண்ணெய் மூன்று நான்கு நாடுகளின் குழாய்களிலும் தொட்டிகளிலும் நின்றது. அதைப் பின்னுக்குத் தள்ளியும், ரயிலில் ஏற்றியும், தொட்டிகளில் சேமித்துத் தூய எண்ணெயோடு சிறிது சிறிதாகக் கலந்து நீர்க்கச் செய்தும்தான் தீர்க்க முடிந்தது. போலந்து வழியாக ஓட்டம் ஜூனில்தான் மீண்டும் தொடங்கியது. ட்ருஷ்பாவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்ச்சியைப் படிக்க நேரம் இருப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்: அரசியல் சச்சரவு மூன்று நாளில் தீர்ந்தது, வேதியியல் சச்சரவு மாதக்கணக்கில் நீடித்தது.

2022க்குப் பிறகு: தெற்குக் கிளை

ரஷ்யா உக்ரைன்மீது முழுப் படையெடுப்பு நடத்திய பின், ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் ரஷ்ய எண்ணெய்க்குத் தடை அறிவித்தது. கப்பலில் வரும் கச்சா எண்ணெய்க்கு அந்த ஆண்டு டிசம்பர் 5 முதல் தடை. குழாயில் வருவதற்கு விலக்கு. கடற்கரை இல்லாத ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் செக் நாடும் வேறுவழி இல்லை என்று வாதிட்டதன் பலன் இது. ஐரோப்பா வாங்க மறுத்த கடல்வழி யூரல்ஸின் பெரும்பங்கு இந்திய ஆலைகளுக்குத் திரும்பியது. கப்பல் என்பதால் திரும்ப முடிந்தது.

போர் நடக்கும் இரு நாடுகளின் வழியாகவும் ஒரே குழாயில் எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது பலருக்கு வியப்பு. ஓட்டம் நின்றதும் உண்டு. 2022 ஆகஸ்ட் 4 அன்று உக்ரைன் நிறுவனம் தெற்குக் கிளையை நிறுத்தியது. காரணம், டிரான்ஸ்நெஃப்ட் அனுப்பிய கடவுக் கட்டணத்தை, தடை விதிகளைக் கருதி ஓர் ஐரோப்பிய வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. எண்ணெய் இருந்தது, பம்புகள் இருந்தன. பணம் மட்டும் போய்ச்சேரவில்லை. ஹங்கேரியின் மோல் குழுமம் அந்தக் கட்டணத்தைத் தானே செலுத்த, சில நாள்களில் ஓட்டம் திரும்பியது. நவம்பரில் பெலாரஸ் எல்லைக்கு அருகே ஒரு மின் நிலையம் தாக்குதலில் சேதமடைந்து, பம்பிங் நிலையத்துக்கு மின்சாரம் இல்லாமல் மறுபடி சிறிது நேரம் நின்றது. 2024 கோடையில் உக்ரைன் லூக்காயிலின் எண்ணெய் தன் நாட்டைக் கடக்கத் தடை விதித்தபோது, கைமாறும் இடத்தையே மாற்றி மோல் தீர்வு கண்டது: அந்த ஆண்டு செப்டம்பர் முதல் பெலாரஸ்-உக்ரைன் எல்லையிலேயே எண்ணெய் மோலின் உடைமை ஆயிற்று. உக்ரைனுக்குள் ஓடியது அதே எண்ணெய்தான். முதலாளியின் பெயர் மாறிவிட்டது.

செக் நாடு வேறு பாதையைத் தேர்ந்தது. இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வரும் டால் குழாயின் திறனைத் தன் செலவில் கூட்டச் செய்து, 2025 ஏப்ரலில் ரஷ்ய எண்ணெய் இனித் தேவையில்லை என்று அறிவித்தது. ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் குரோவேஷியாவின் ஒமிஷால் துறைமுகத்திலிருந்து வரும் அட்ரியா குழாய் உண்டு. அதன் நிறுவனமான யானாஃப், இரு நாட்டு ஆலைகளின் தேவையையும் தன்னால் நிறைவேற்ற முடியும் என்கிறது. மோல் அந்தத் திறனை ஐயுற்று, கட்டணமும் மிகுதி என்கிறது. 2025 ஆகஸ்டில் உக்ரைன் டிரோன்கள் உனேச்சா பம்பிங் நிலையத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்கி ஓட்டத்தை நிறுத்தியபோது, இந்த வாதம் இன்னும் கடுமையானது.

வடக்குக் கிளை: பெயர் மாறிய எண்ணெய்

ஜெர்மனியும் போலந்தும் தங்களுக்கிருந்த விலக்கைப் பயன்படுத்தப் போவதில்லை என்று முன்பே சொல்லியிருந்தன. ஷ்வேட் ஆலையின் பெரும்பங்கு ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டிடம் இருந்தது. 2022 செப்டம்பரில் ஜெர்மன் அரசு அந்தப் பங்கைத் தன் நிர்வாகப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பெர்லின் வட்டாரத்தின் எரிபொருளில் பெரும்பகுதியைத் தருவது அந்த ஆலை என்பதால் அதை மூடவும் முடியாது. ராஸ்டாக் துறைமுகத்திலிருந்து வரும் பழைய குழாயும் போலந்தின் க்தான்ஸ்க் துறைமுகமும் அதற்கு எண்ணெய் தரத் தொடங்கின. 2023 பிப்ரவரியில் போலந்துக்குச் சென்றுகொண்டிருந்த மிச்ச எண்ணெயையும் ரஷ்யா நிறுத்தியது.

ஆனால் அந்த வடக்குக் கிளை வறண்டுவிடவில்லை. அதே மாதம் கஜகஸ்தான் எண்ணெய் அதன் வழியாக ஷ்வேட்டுக்கு வரத் தொடங்கியது. அது அத்திராவ் நகரிலிருந்து சமாராவுக்கு வந்து, அங்கே ரஷ்ய வலையமைப்பில் கலந்துவிடுகிறது. ஒரு முறை கலந்த பிறகு எந்தத் துளி எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கஜகஸ்தான் உள்ளே செலுத்திய அளவுக்கு ஈடான அளவு ஷ்வேட்டில் எடுக்கப்பட்டு, ஆவணங்களில் கஜகஸ்தான் எண்ணெய் என்று பதிவாகிறது. தன்மையில் யூரல்ஸிலிருந்து வேறுபடாத இந்த எண்ணெய்க்கு 2022இல் கெப்கோ என்று தனிப் பெயரும் வைக்கப்பட்டது. 2024இல் இப்படி வந்தது ஏறக்குறைய 15 லட்சம் டன். ஷ்வேட் ஆலையின் ஆண்டுத் திறன் ஏறக்குறைய 120 லட்சம் டன்.